விர்ச்சுவல் மெஷினுக்குள் சொந்தக் கோப்புகள்: பூட்டுவது எளிது, கசிவை அடைப்பதுதான் வேலை

எங்கள் வீட்டு லேப்டாப்பில் ஓடுவது விண்டோஸ். மகளின் வகுப்பு, மனைவியின் அலுவலக வேலை, லீவுக்கு வரும் தங்கை மகனின் கேம் எல்லாம் அதில்தான். எனக்கென்று இருப்பது, அதற்குள், ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை (விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம்) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் ஓடும் ஒரு லினக்ஸ் மின்ட். வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், வில்லங்கச் சான்று, பட்டா நகல், எல்லோருடைய ஆதார், பான், வருடாவருடம் சேரும் ஃபார்ம் 16, அப்பாவின் மருத்துவ ரிப்போர்ட்டுகள் என்று குடும்பத்துக் காகிதமெல்லாம் அந்த மின்ட்டில்தான் இருக்கின்றன.

இவற்றைக் குறியாக்கம் செய்து, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைக்க வேண்டும் என்று தோன்றியது லேப்டாப்பின் கீல் உடைந்தபோது. சர்வீஸுக்குக் கொடுத்தால் ஹார்ட் டிஸ்க்கோடுதான் கொடுக்க வேண்டும். "செக் பண்ணணும் சார்" என்று விண்டோஸ் பாஸ்வேர்டையும் கேட்டு, சீட்டில் எழுதி மூடியிலேயே ஒட்டிவிடுவார்கள். கடைக்காரர் நல்லவரா இல்லையா என்பதல்ல விஷயம். அந்தச் சீட்டோடு லேப்டாப் எத்தனை கை மாறும் என்று யாருக்கும் தெரியாது.

"மின்ட்லதான் பாஸ்வேர்டு போட்டிருக்கீங்களே மாமா, அப்புறம் என்ன?" என்றான் தங்கை மகன்.

"அது லாகின்ல கேக்குற பாஸ்வேர்டுடா. டிஸ்க்கை நேரா படிக்கிறவன்கிட்ட யாரு கேப்பா?"

அவன் நம்பவில்லை. சரி, செய்தே பார்த்துவிடலாம் என்று மின்ட்டுக்குள் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பைத் திறந்து, எந்த அகராதியிலும் இல்லாத ஒரு சொல்லை எழுதிச் சேமித்துவிட்டு, விஎம்மை ஷட்டவுன் செய்தோம். லேப்டாப்பை ஒரு லினக்ஸ் லைவ் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, விண்டோஸ் பார்ட்டிஷனில் இருக்கும், விஎம்மின் ஹார்ட் டிஸ்க்காக நிற்கும் விடிஐ கோப்பில் க்ரெப் கட்டளையால் அந்தச் சொல்லைத் தேடினோம். கிடைத்தது. மின்ட்டுக்குள் போய் அந்தக் கோப்பை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டு மறுபடி தேடினோம். அப்போதும் கிடைத்தது.

இதில் மாயமொன்றும் இல்லை. கெஸ்டின் (உள்ளே ஓடும் மின்ட்டின்) டிஸ்க் என்பது ஹோஸ்டுக்கு (அதைத் தாங்கும் விண்டோஸுக்கு) ஒரு பெரிய கோப்பு, அவ்வளவே. கெஸ்டுக்குள் ஒரு கோப்பை அழித்தால் 'இந்த இடம் காலி' என்று குறிப்பு மாறுகிறதே தவிர, பைட்டுகள் விடிஐக்குள் அப்படியே கிடக்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப்புகள் சுருக்கப்பட்டிருப்பதால் இப்படிச் சொல் தேடிக் கிடைக்காது. ஆனால் அழிந்த கோப்புகளை மீட்டெடுக்கும் எந்த மென்பொருளுக்கும் அது தடையல்ல.

பிடிஎஃப் என்றதும் நினைவுக்கு வருகிறது. இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்தப் பாஸ்வேர்டு என்பது ஊருக்கே தெரியும். வருமான வரித் தளம் தரும் ஏஐஎஸ் அறிக்கைக்குப் பான் எண்ணும் பிறந்த தேதியும். பக்கத்திலேயே பான் கார்டின் ஸ்கேனும் கிடக்கும்போது அந்தப் பூட்டைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

குறியாக்கத்துக்கு என் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, விர்ச்சுவல்பாக்ஸே தரும் டிஸ்க் குறியாக்கம். 2015இல் வெளியான 5.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் தொகுப்பை நிறுவ வேண்டும். அமைப்பில் ஒரு டிக் போட்டு, ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையில் 128 அல்லது 256 பிட் என்று தேர்ந்தெடுத்தால் முடிந்தது. விஎம்மைத் தொடங்கும்போது விர்ச்சுவல்பாக்ஸ் பாஸ்வேர்டு கேட்கும். சுலபம்தான். ஆனால் இதன் கையேட்டைப் படித்தபோது இரண்டு இடங்களில் நின்றுவிட்டேன். ஒன்று, டிஸ்க்கைத் திறக்கும் உண்மையான சாவி, உங்கள் பாஸ்வேர்டால் மூடப்பட்டு, விஎம்மின் அமைப்புக் கோப்பில் இருக்கிறது. விடிஐயை மட்டும் பத்திரமாக பேக்கப் எடுத்து, அந்தச் சின்ன அமைப்புக் கோப்பை விட்டுவிட்டால், சரியான பாஸ்வேர்டு தெரிந்தும் திறக்க முடியாது. மற்றொன்று, விஎம்மை எக்ஸ்போர்ட் செய்தால் டிஸ்க் குறியாக்கம் நீக்கப்பட்டுத்தான் வெளியே வரும், ஏனென்றால் எக்ஸ்போர்ட்டுக்குப் பயன்படும் ஓவிஎஃப் வடிவத்தில் அதற்கு இடமில்லை. பத்திரம் என்று நினைத்து எடுத்த பேக்கப்பே திறந்த புத்தகமாக இருக்கும். தவிர, வேறு மென்பொருளுக்கு மாறும் நாளில் இந்தப் பூட்டு விர்ச்சுவல்பாக்ஸுக்கு வெளியே யாருக்கும் புரியாது. அதனால் இதை விட்டுவிட்டேன்.

இரண்டாவது, கெஸ்டுக்குள் தேவையான கோப்புகளை மட்டும் ஒரு பெட்டியில் போடுவது. வெராகிரிப்ட், கிரிப்டோமேட்டர் போன்றவை இதற்கானவை. 2014 மே மாதம் ட்ரூகிரிப்ட் என்ற பழைய குறியாக்க மென்பொருள் திடீரெனக் கைவிடப்பட்டபோது எல்லோரும் போய்ச் சேர்ந்த இடம் வெராகிரிப்ட்; ட்ரூகிரிப்ட்டின் வழித்தோன்றல்தான் அது. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் திறக்கும் என்பது பெரிய வசதி. சிக்கல் எங்கே என்றால், பெட்டியைத் திறந்து ஒரு ஸ்கேனைப் பார்த்த நொடியிலேயே அதன் சின்னப் படம் வீட்டு அடைவில் தம்ப்நெயிலாகச் சேமிக்கப்படலாம். லிப்ரேஆஃபிஸ் தானாக எடுக்கும் மீட்புப் பிரதி பெட்டிக்கு வெளியே விழும். ரேம் போதாமல் ஸ்வாப்புக்கு, அதாவது ரேமுக்கு உதவியாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்துக்கு, போன பக்கங்களும் வெளியேதான். பத்திரத்தின் தம்ப்நெயிலில் என்ன படிக்க முடியும் என்று கேட்கலாம். அப்பாவின் ரிப்போர்ட்டின் தலைப்பை என்னால் படிக்க முடிந்தது.

மூன்றாவது, கெஸ்ட் முழுவதையுமே லினக்ஸின் டிஸ்க் குறியாக்கமான லக்ஸ் முறையில் குறியாக்குவது. மின்ட், உபுண்டு, டெபியன் எல்லாவற்றின் நிறுவியிலும் இதற்கு ஒரு தேர்வு இருக்கிறது. பூட் பகுதி மட்டும் திறந்திருக்கும். மற்றபடி ஸ்வாப், தற்காலிகக் கோப்புகள், தம்ப்நெயில், பிரவுசர் கேஷ் எல்லாம் பூட்டுக்குள் வந்துவிடும். ஹோம் அடைவை மட்டும் குறியாக்கும் பழைய முறை ஒன்றும் உண்டு. அதை உபுண்டு 18.04லிருந்து தன் நிறுவியிலிருந்தே எடுத்துவிட்டது. அதைத் தேடிப் போக வேண்டாம்.

நான் கடைசியில் வந்து நின்றது மூன்றாவதின் ஒரு வடிவத்தில். மின்ட்டைப் புதிதாக லக்ஸோடு நிறுவினேன். அதோடு இன்னொரு விடிஐ உருவாக்கி, இரண்டாவது ஹார்ட் டிஸ்க்காக இணைத்து, அதையும் லக்ஸில் குறியாக்கி, ஆவணங்களை எல்லாம் அதில் வைத்தேன். டெர்மினல் பிடிக்காதவர்களுக்கு 'டிஸ்க்ஸ்' செயலியிலேயே பார்மட் செய்யும்போது பாஸ்வேர்டு பாதுகாப்பு என்று ஒரு கட்டம் வரும், அதை டிக் செய்தால் போதும். ஏன் இரண்டு? மின்ட் எப்போது வேண்டுமானாலும் கெட்டுப்போகலாம், மாற்றி நிறுவலாம். ஆவண டிஸ்க்கைக் கழற்றி வேறு எந்த லினக்ஸ் விஎம்மிலும் மாட்டித் திறக்கலாம். இன்னொரு காரணம் ஸ்னாப்ஷாட், அதாவது பிறகு திரும்பிவருவதற்காக விஎம்மின் அப்போதைய நிலையை உறையவைக்கும் வசதி.

ஸ்னாப்ஷாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குறியாக்கத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. குறியாக்கம் செய்வதற்கு முன் எடுத்த ஸ்னாப்ஷாட் ஒன்று இருந்தால், பழைய நிலை முழுவதும் அடிப்படை விடிஐயில் பூட்டில்லாமல் உறைந்து நிற்கும். அதற்கு மேல் நீங்கள் என்ன குறியாக்கம் செய்தாலும் அது வேறு கோப்பில் எழுதப்படும். கீழே இருப்பது அப்படியே இருக்கும். ஆகவே பழைய விஎம்மைக் குறியாக்கிச் சரிசெய்வதைவிட, புதிதாகக் குறியாக்கத்தோடு நிறுவி, கோப்புகளை நகர்த்திவிட்டு, பழையதை ஸ்னாப்ஷாட்டுகளோடு அழித்துவிடுவதே சுத்தம்.

பாஸ்வேர்டு மாற்றத்திலும் இதே கதை. லக்ஸில் பாஸ்வேர்டை மாற்றினால் டிஸ்க்கின் மூலச் சாவி மாறாது; அந்தச் சாவியை மூடிவைத்திருக்கும் உறை மட்டும் மாறும். பழைய ஸ்னாப்ஷாட்டிலோ, வெளி டிஸ்க்கில் கிடக்கும் பழைய நகலிலோ, பழைய உறை அப்படியே இருக்கிறது. பழைய பாஸ்வேர்டு தெரிந்தவர் அதைக்கொண்டு மூலச் சாவியை எடுத்து, இன்றைய டிஸ்க்கையும் திறக்கலாம். விஎம்மை க்ளோன் செய்து நண்பருக்குக் கொடுத்தாலும் இரண்டுக்கும் ஒரே மூலச் சாவிதான். பாஸ்வேர்டு வெளியே போய்விட்டது என்ற சந்தேகம் வந்தால் மாற்றினால் மட்டும் போதாது, முழு டிஸ்க்கையும் மறுகுறியாக்கம் செய்ய வேண்டும். லக்ஸைக் கையாளும் கிரிப்ட்செட்டப் கருவியிலேயே அதற்கு வழி இருக்கிறது.

அதனால்தான் ஆவண டிஸ்க்கை விர்ச்சுவல்பாக்ஸின் மீடியா மேனேஜரில் 'ரைட்த்ரூ' வகையாக மாற்றினேன். அந்த வகை டிஸ்க்கை ஸ்னாப்ஷாட் தொடாது. மின்ட்டை நேற்றைய நிலைக்குத் திருப்பினாலும் இன்று சேர்த்த ஆவணம் இருக்கும், பழைய உறைகளும் ஸ்னாப்ஷாட்டுகளில் சேராது.

இது வரைக்கும் விஎம் அணைந்திருக்கும்போது உள்ள பாதுகாப்பு. விஎம் ஓடும்போது?

இதையும் சோதித்துப் பார்த்தேன். ஆவண டிஸ்க்கைத் திறந்து, அதே அகராதியில் இல்லாத சொல் உள்ள கோப்பை எடிட்டரில் வைத்துக்கொண்டு, விண்டோஸ் பக்கம் வந்தேன். விர்ச்சுவல்பாக்ஸில் 'டீபக்விஎம்' என்ற கட்டளையின் கீழ் 'டம்ப்விஎம்கோர்' என்று ஒன்று இருக்கிறது. கெஸ்டின் ரேம் முழுவதையும் ஒரு கோப்பாகக் கொட்டிவிடும். அட்மின் அனுமதியெல்லாம் கேட்கவில்லை. என் விண்டோஸ் கணக்கே போதுமாக இருந்தது. கொட்டிய கோப்பில் தேடினால் சொல் அங்கே இருக்கிறது. லக்ஸின் சாவியும் அதே ரேமில்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்க்கைப் படிக்கவே முடியாதே. ரேம் நகலிலிருந்து ஏஇஎஸ் சாவியைப் பொறுக்கி எடுக்க முடியும் என்பதைப் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2008இலேயே செய்து காட்டிவிட்டார்கள்.

ஆகவே ஹோஸ்டில் வைரஸ் இருந்தால், அடிக்கும் எழுத்துகளைப் பதிவுசெய்யும் கீலாகர் இருந்தால், அல்லது அந்த ஹோஸ்ட் வேறொருவர் கட்டுப்பாட்டில் இருந்தால், கெஸ்டுக்குள் போடும் எந்தப் பூட்டும் பூட்டல்ல. அலுவலக லேப்டாப்பில் விஎம் போட்டு அதற்குள் சொந்த விஷயங்களை 'மறைத்து' வைப்பவர்களை எனக்குத் தெரியும். அலுவலக ஐடி துறை நினைத்தால் பார்க்க முடியும். அங்கே வைக்காமல் இருப்பதுதான் வழி.

ரேமிலிருந்து கசிவது யாரோ ஒருவர் வலியச் செய்தால் மட்டும் நடப்பதல்ல. விஎம் சாளரத்தை மூடும்போது 'சேவ் ஸ்டேட்' என்று ஒரு தேர்வு வருமே, அது ரேம் முழுவதையும் ஹோஸ்டின் டிஸ்க்கில் எழுதிவைக்கிறது. பக்கங்களைச் சுருக்கி எழுதுவதால் எளிய தேடலில் சொல் சிக்காமல் போகலாம், ஆனால் சாவி உட்பட எல்லாம் அதில் இருக்கிறது. ஓடும் விஎம்மில் ஸ்னாப்ஷாட் எடுத்தாலும் இதேதான். விண்டோஸ் ஹைபர்னேட் ஆனால் அதன் ஹைபர்னேட் கோப்பிலும், ரேம் நெருக்கடியில் விண்டோஸின் ஸ்வாப்பான பேஜ்ஃபைலிலும் கெஸ்டின் துண்டுகள் போய்ச் சேரலாம். 2022இல் வந்த 7.0 பதிப்பில் சேவ் ஸ்டேட், லாக் உட்பட விஎம் முழுவதையும் குறியாக்கும் வசதி வந்திருக்கிறது. நான் அதைப் பயன்படுத்துவதில்லை. விஎம்மை எப்போதும் உள்ளேயிருந்து ஷட்டவுன் செய்கிறேன். கை பழக்கத்தில் தவறிவிடும் என்று பயந்தால், மூடும் சாளரத்திலிருந்து சேவ் ஸ்டேட் தேர்வையே மறைத்துவிடும் அமைப்பு ஒன்று உண்டு.

இதையெல்லாம் பார்த்த பிறகு நான் செய்த முதல் வேலை கெஸ்டுக்கு வெளியே: விண்டோஸின் சொந்த டிஸ்க் குறியாக்கமான பிட்லாக்கரை இயக்கினேன். எங்களுடையது ப்ரோ பதிப்பு. ஹோம் பதிப்பில் பிட்லாக்கர் முழுமையாக இருக்காது. பல புதிய லேப்டாப்புகளில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்ற பெயரில் எளிய வடிவம் இருக்கும், அதுவும் பரவாயில்லை. இதனால் பேஜ்ஃபைல், ஹைபர்னேட் கோப்பு, சேவ் ஸ்டேட் எல்லாம் டிஸ்க் கழற்றப்படும்போது பயனற்றுப் போகும். பழைய விடிஐ கிடந்த இடத்தின் மிச்சங்களும்தான், பயன்படாத இடத்தையும் சேர்த்துக் குறியாக்கும்படி தேர்ந்தெடுத்தால். மதர்போர்டு மாற்றினால் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் அது காகிதத்தில் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிட்லாக்கரே போதுமே, கெஸ்டுக்குள் எதற்கு? சீட்டில் எழுதி ஒட்டிய பாஸ்வேர்டை மறந்துவிட வேண்டாம். விண்டோஸ் திறந்த பிறகு பிட்லாக்கர் இல்லாததற்குச் சமம். வீட்டிலுள்ளவர்கள், கடையில் 'செக்' பண்ணுபவர், வெளி டிஸ்க்கில் நான் எடுத்துவைக்கும் விடிஐ நகல் இவற்றுக்கெல்லாம் உள்ளே இருக்கும் லக்ஸ்தான் காவல். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

கோப்பு உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் இன்னொரு தலைவலி. ஷேர்டு ஃபோல்டர் என்பது ஹோஸ்டில் இருக்கும் சாதாரண ஃபோல்டர்தான். அதில் போட்டு நகர்த்திய ஒவ்வொரு கோப்பும் விண்டோஸில் ஒரு முறை வெளிப்படையாக இருந்திருக்கிறது. அதை ஒன்ட்ரைவ் ஒத்திசைக்கும் இடத்தில் வைத்திருந்தால் மேகத்துக்கும் போயிருக்கும். ஷேர்டு கிளிப்போர்டை இருவழியாக வைத்தால், மின்ட்டில் காப்பி செய்த கணக்கு எண் விண்டோஸின் கிளிப்போர்டு வரலாற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் கிளிப்போர்டை ஹோஸ்டிலிருந்து கெஸ்டுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறேன். ஸ்கேனரின் யுஎஸ்பியை நேரடியாகக் கெஸ்டுக்கு இணைத்துவிடுவேன், ஸ்கேன் விண்டோஸைத் தொடாமலேயே மின்ட்டில் விழும்.

விண்டோஸையே கெஸ்டாக வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு இதே வேலையைச் செய்து கொடுத்தபோது ஒரு விசித்திரத்தைப் பார்த்தேன். விர்ச்சுவல்பாக்ஸ் 7இல் விண்டோஸ் 11க்காக மெய்நிகர் டிபிஎம் ஒன்று உண்டு; டிபிஎம் என்பது குறியாக்கச் சாவியைக் காக்கும் வன்பொருள். அதைக்கொண்டு கெஸ்டில் பிட்லாக்கர் அழகாக இயங்கியது, பாஸ்வேர்டே கேட்கவில்லை. கேட்காததுதான் பிரச்சினை. நிஜ டிபிஎம் மதர்போர்டிலோ பிராசஸருக்குள்ளோ இருக்கும். மெய்நிகர் டிபிஎம்மோ விஎம் ஃபோல்டரில் விடிஐக்குப் பக்கத்திலேயே ஒரு கோப்பு. ஃபோல்டரைக் காப்பியடிப்பவர் பூட்டோடு சாவியையும் சேர்த்துக் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறார். தொடக்கத்திலேயே பின் நம்பர் கேட்கும்படி பிட்லாக்கரை மாற்றிய பிறகுதான் அதற்குப் பொருள் வந்தது.

லக்ஸைப் பற்றி எந்த அறிமுகக் கட்டுரையிலும் நான் பார்க்காத சில விஷயங்கள். தேவைக்கேற்ப வளரும் டைனமிக் விடிஐ வைத்திருந்தால், பழைய வழிகாட்டிகள் சொல்வதுபோல டிஸ்க் முழுவதும் ரேண்டம் தகவலை எழுதாதீர்கள். 40 ஜிபி டிஸ்க் அன்றே 40 ஜிபி இடத்தைப் பிடித்துவிடும். பின்னால் அதை வழக்கமான முறையில் சுருக்கவும் முடியாது. விர்ச்சுவல்பாக்ஸ் சுழியங்களாக இருக்கும் இடத்தைத்தான் சுருக்கும், குறியாக்கத்துக்குப் பிறகு சுழியமே சுழியமாக இருக்காதே. தேவையான அளவை முன்பே யோசித்து வைப்பது நல்லது.

இன்னொன்று ரேம். லக்ஸின் இப்போதைய பதிப்பான லக்ஸ்2 பாஸ்வேர்டைச் சாவியாக்க ஆர்கான்2 என்ற முறையைப் பயன்படுத்துகிறது. பாஸ்வேர்டை ஊகித்துப் பார்ப்பவருக்குச் செலவு ஏற வேண்டும் என்பதற்காக அது வேண்டுமென்றே நிறைய ரேம் கேட்கும், அதிகபட்சம் 1 ஜிபி வரை. எவ்வளவு என்பது பார்மட் செய்யும்போது அந்த மெஷினில் இருக்கும் ரேமைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுகிறது. 4 ஜிபி விஎம்மில் உருவாக்கிய டிஸ்க்கை 1 ஜிபி விஎம்மில் மாட்டினால், சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் திறக்காமல் போகலாம். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பதறுவதற்கு முன் விஎம்முக்கு ரேமைக் கூட்டிப் பாருங்கள். வேகம் பற்றிக் கவலை வேண்டாம். இப்போதைய பிராசஸர்களில் ஏஇஎஸ்ஸுக்கு வன்பொருள் ஆதரவு இருக்கிறது, அது கெஸ்டுக்கும் கிடைக்கிறது. இரட்டைக் குறியாக்கம் இருந்தும் என் வேலையில் வித்தியாசம் தெரியவில்லை.

பாஸ்வேர்டைத் தமிழில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பூட் ஆகும்போது வரும் அந்தக் கறுப்புத் திரையில் தமிழ் 99 விசைப்பலகை இருக்காது, அடிக்கவே முடியாது. தொடர்பில்லாத ஐந்தாறு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிப்பது நன்றாக வேலை செய்கிறது. ஒரே சொல்லை எப்படியெல்லாம் ஆங்கிலத்தில் எழுதலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதனால் எழுத்துக்கூட்டலை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பழமொழியும் பாட்டு வரியும் வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த வரிசை ஊகிக்கவும் எளிது.

லக்ஸ் டிஸ்க்கின் தலைப்பகுதி, லக்ஸ்2இல் 16 எம்பி, கெட்டால் எல்லாம் போச்சு. அதை மட்டும் தனியாக பேக்கப் எடுக்க கிரிப்ட்செட்டப்பில் ஒரு கட்டளை உண்டு. நான் அதை ஒரு பென் டிரைவில் வைத்திருக்கிறேன். பாஸ்வேர்டு மாற்றும்போதெல்லாம் இந்தப் பழைய நகலையும் அழித்துப் புதிதாக எடுக்க வேண்டும், முன்பு சொன்ன அதே காரணம்தான். ஆவணங்களின் பேக்கப்புக்கு ரெஸ்டிக் என்ற கருவியை மின்ட்டுக்குள்ளிருந்தே ஓட்டி வெளி டிஸ்க்கில் எழுதுகிறேன். அது தானே குறியாக்கி எழுதும். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மின் விடிஐயை அப்படியே காப்பியடிப்பது பேக்கப் ஆகாது, பாதி எழுதிய நிலையில் மாட்டிக்கொள்ளும்.

மிச்சம் இருந்தது மனைவியின் கேள்வி: "ஏங்க, உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ் பேப்பரை நான் எப்படி எடுக்கறது?" இரண்டு பாஸ்வேர்டுகளையும், எந்த ஐகானை அழுத்த வேண்டும் என்பது முதல் டிஸ்க்கைத் திறப்பது வரையிலான படிகளையும், பிட்லாக்கரின் 48 இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் நான் இல்லாமல் அவரே செய்து பார்த்தார். படிகளில் இரண்டு இடம் புரியவில்லை என்று திருத்தச் சொன்னார், திருத்தினேன். தாள் இப்போது வங்கி லாக்கரில், பத்திரத்தின் அசலோடு இருக்கிறது. லக்ஸ்2இல் ஒரே டிஸ்க்குக்கு 32 பாஸ்வேர்டுகள் வரை வைக்கலாம் என்பதால், தாளில் உள்ளது அவருக்கென்று தனியாகச் சேர்த்த ஒன்று. என்னுடையதை நான் மாற்றினாலும் அது மாறாது.